பயந்தவரை நன்றிகெட்டவர் என்னாதீர்கள்

வெள்ளிக்கிழமை எங்கள் அன்பியக் கூட்டத்தில் (பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் கூட்டம்) நடந்ததை இங்குள்ள பலரும் அறிவீர்கள் என்பதால், முழுவதையும் மறுபடி விவரிக்கப் போவதில்லை. திசுப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் ஒரு சகோதரி, "பயமாக இருக்கிறது, எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்றார். "இத்தனை நன்மை செய்த ஆண்டவரை நம்பாமல் பயப்படுவது நன்றிகெட்டதனம்" என்று அங்கிருந்த ஊழியர் ஒருவரிடமிருந்து அவருக்குப் பதில் கிடைத்தது. சொன்னவர் தம் இரத்த அழுத்த மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் கூட்டத்துக்கு வந்திருந்தார் என்பதை நான் சொல்லாமல் விடுவதே நாகரிகம்.

பயம் நன்றியின்மை அல்ல. மாற்கு நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். 23ஆம் வசனத்தில் கடைசி இராவுணவில் கிண்ணத்தை எடுத்து நன்றி செலுத்துகிற இயேசு, 33ஆம் வசனத்தில் திகிலும் மனக்கலக்கமும் அடைகிறார். இடையில் இருப்பவை ஒன்பதே வசனங்கள், இரவும் ஒன்றே. அந்த இராவுணவின் நினைவாக நாம் நற்கருணை என்று வழங்குவதன் கிரேக்க மூலச் சொல்லுக்கே நன்றி செலுத்துதல் என்றுதான் பொருள். அந்த நன்றியைச் செலுத்திய கையோடு கெத்சமனித் தோட்டத்தில் நடுங்கியவரை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

விவிலியத்தில் 'அஞ்சாதே' என்பது 365 முறை வருவதாகச் சொல்கிறார்களே என்று உடனே ஒருவர் வருவார். அப்படியானால் லீப் ஆண்டில் ஒரு நாள் மட்டும் பயப்படலாம் போலும்! வானதூதர் மரியாவிடம் 'அஞ்சவேண்டாம்' என்றது, அவர் கலங்கி நின்றதைக் கண்ட பிறகுதான். அது ஆறுதல், அதட்டல் அல்ல. எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி கூறச் சொன்ன பவுலும், கொரிந்தியரிடம் அச்சத்தோடும் நடுக்கத்தோடும் வந்ததாகத் தாமே குறிப்பிட்டிருக்கிறார்.

என் அப்பா கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருந்தவர். பூவெடுக்கும் தை, மாசியில் வானம் மூடினாலே அவருக்கு உறக்கம் வராது. நள்ளிரவில் டார்ச் விளக்கோடு தோப்புக்குப் போய், ஒரு பூங்கொத்தை உள்ளங்கையில் உதறி, கருகல் கொட்டுகிறதா என்று பார்ப்பார். அவர் கை நடுங்குவது வெளிச்சத்தின் ஆட்டத்தில் எனக்குத் தெரியும். அதே மனிதர், காய்ப்பு எப்படியிருந்தாலும், முதல் கூடை பெங்களூரா மாம்பழத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோய் வைப்பார். பூசை முடிந்து அது ஏலம் போவதைக் கடைசியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். மாங்கூழ் ஆலைக்காரர்கள் அந்த ஆண்டு என்ன விலை வைப்பார்களோ என்ற பயம் அப்போதும் அவரை விட்டிருக்காது. பயம் போன பிறகு நன்றி சொல்லலாம் என்று அவர் காத்திருந்தால், ஒரு கூடையும் கோயிலுக்குப் போயிருக்காது.

ஊழியம் செய்கிறவர்களைப் பொதுவெளியில் குறை சொல்லலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்தச் சகோதரி பத்துப் பேர் முன்னிலையில் கூனிக்குறுகியபோது பொதுவெளி உங்களுக்கு நினைவுக்கு வரவில்லையே!

நான் மிகையாகக் கோபப்படுகிறேன் என்பீர்கள், இருக்கலாம். அப்பா படுக்கையில் கிடந்த கடைசி மாதத்தில், பார்க்க வந்த ஒருவர் அவரிடமும் இதையே சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் அப்பா என்னிடம்கூடப் பயமாக இருக்கிறது என்று சொல்லவில்லை. இரவானால் "விளக்கை அணைக்காதே" என்று மட்டும் சொல்வார்.

வியாழக்கிழமை பரிசோதனை முடிவு வருகிறது. நானும் மனைவியும் அந்தச் சகோதரியோடு தருமபுரிக்குப் போகிறோம். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது; அதையும் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.