பற்றரியை மாற்றுமுன் எர்த் வயரைப் பாருங்கள்

வெள்ளத்தில் இறங்கிய இராணுவ லொறி ஸ்டார்ட் ஆகாவிட்டால் முதலில் பற்றரியை மாற்றச் சொல்கிறது நான் வாசித்த ஒரு கட்டுரை. காசுக்குக் கேடு. 24 வோல்ற் லொறியில் இரண்டு 12 வோல்ற் பற்றரிகள் தொடராக நிற்கும். முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 12.6 வோல்ற் அளவில் காட்ட வேண்டும். இரண்டும் சரியென்றால், வோல்ற் மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் மைனஸ் முனையிலும் மற்றதை எஞ்சின் பிளொக்கிலும் வைத்து, எரிபொருளை நிறுத்திவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்ற விடுங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் பிழை எர்த் வயரில்தான், அதாவது பற்றரியின் மைனஸை லொறியின் உடலோடும் எஞ்சினோடும் இணைக்கும் வயரில். மட்டக்களப்பு வாவிக்கரை உப்புக்காற்றில் வயர் நுனியின் உலோகக் கொண்டியான லக்குக்குள் பச்சை பூத்திருக்கும். மேலே உறை பளபளவென்றுதான் இருக்கும், அதை நம்பி ஏமாறுவோர் அதிகம்.

கட்டுரை தொடாத இடம் டிஃபரென்ஷல், அதாவது அச்சின் நடுவில் சில்லுகளுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி. ஓடிச் சூடானது வெள்ளத்தில் இறங்கியதும் உள்ளே காற்றுச் சுருங்கும். அதன் காற்றுத் துவாரமான பிரீதர் சேறடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஒயில் பால் தேத்தண்ணி நிறமானால் முழுதாக மாற்றத்தான் வேண்டும், சீலையும் சேர்த்து. சந்தேகம் என்றால் ஓர் இரவு நிறுத்திவைத்து, காலையில் டிஃபரென்ஷலின் அடி போல்ற்றை மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் இருந்தால் ஒயிலுக்கு முன் அதுதான் சொட்டும். ஓடி வந்த கையோடு திறந்தால் இரண்டும் கலந்தே வரும், அளவு பிடிபடாது.