நலிந்த பிறகுதான் தருவீர்களா?

ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டு மலைமேல் விழா மேடையில் எங்கள் தெருக்கூத்துக்கு நடந்ததை நேரில் பார்த்தவர்கள் இங்கேயே பத்துப் பேராவது இருப்பீர்கள், வீடியோவும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதனால் முழுக் கதையையும் திரும்பச் சொல்லவில்லை, விழாவின் பெயரையும் எழுதப்போவதில்லை. திரை விலகிக் கர்ணன் ஆட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே "நேரம் முடிஞ்சுது" என்று விழாக்காரர்கள் மைக்கில் சொன்னார்களே, அதைக்கூட விட்டுவிடுகிறேன். மழை வருகிற மாதிரி இருந்தது, சரி. ஆனால் முகவீணை (நாதஸ்வரம் மாதிரி ஒரு சின்ன ஊதுவாத்தியம்) வாசிப்பவரைப் பார்த்து, "எட்டுப் பேருக்குத்தான் பணம், நீங்க லிஸ்ட்ல இல்ல, பாட்டை பென்டிரைவ்ல போட்டுக்கலாமே" என்று சொன்னதுதான் இன்னும் நெஞ்சைவிட்டு இறங்கவில்லை.

முகவீணை கூத்துக்குப் பின்னணி இசை கிடையாது. ஆடுகிறவர் அடவை முடிக்கும்வரை அது காத்திருக்கும், பாடுகிறவருக்கு மூச்சு வாங்கினால் பாட்டை அது எடுத்துக்கொண்டு போகும். பென்டிரைவ் யாருக்காகக் காத்திருக்கும்? ஒரு கூத்து செட்டு என்றால் வேஷக்காரர், பின்பாட்டு, மிருதங்கம், தாளம், ஆர்மோனியம், முகவீணை எல்லாம் சேர்ந்துதான். கூத்துக்கு அரசுப் பணம் கொடுத்தால் முழுச் செட்டுக்கும் கொடுங்கள். நான் முதலில் கேட்பது இதுதான்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து நார்தர்ன் பாலே குழுவும், அரசு மானியம் விலைவாசிக்கேற்ப ஏறாததால், வெளியூர் நிகழ்ச்சிகளில் வாத்தியக் குழு இல்லாமல் பதிவிசைக்கு ஆடலாமா என்று 2023இல் யோசிக்க வேண்டி வந்தது. தலைநகரத்தைவிட்டு வெளியே இருக்கிற கலைக்குக் காசு குறைந்தால் முதலில் கைவைப்பது வாத்தியக்காரர் மேல்தான்.

"டிக்கெட் போட்டு நடத்தட்டுமே, சினிமா நடக்கலையா?" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். கோயில் களத்தில் ஊரே பாய் விரித்து விடிய விடியப் பார்க்கிற கூத்துக்கு எந்த வாசலில் டிக்கெட் கிழிப்பது? சினிமா என்கிறீர்கள். அன்றைக்கு எங்கள் டெம்போ ஏற்காடு ரோட்டில் பழைய சினிமா ஸ்டூடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவைத் தாண்டித்தான் மலை ஏறியது. ஆரம்பகாலத் தமிழ் சினிமா ஆளையும் பாட்டையும் கதையையும் எடுத்துக்கொண்டது கூத்திலிருந்தும் நாடக மேடையிலிருந்தும்தான். கொடுத்தவனைப் பார்த்து நீ ஏன் தனியாக நிற்கவில்லை என்று கேட்பது என்ன நியாயம்?

"கூத்துக்குக் கொடுக்கிற பணத்தை ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கலாமே" என்பவர்கள், மேடையின் சீரியல் லைட்டுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். அப்புறம் பேசலாம்.

 

கணக்கு வேண்டாமா என்று கேட்பது மட்டும் நியாயமான கேள்வி. வேண்டும்தான். மத்திய அரசு கலைக்குழுக்களுக்குத் தருகிற ரெப்பர்டரி மானியத்தில் குருவுக்கு மாதம் 15,000 ரூபாய் வரை உண்டு. ஆனால் அதற்குப் பதிவு செய்த அமைப்பு வேண்டும், தணிக்கை செய்த கணக்கு வேண்டும். வெற்றிலை பாக்கு மாற்றி, வாய்ச்சொல்லில் ஆட்டம் பேசுகிற செட்டு ஆடிட்டருக்கு எங்கே போகும்? அந்தக் கணக்கை எழுதிக்கொடுக்க மாவட்டத்துக்கு ஓர் ஆளைப் போடுங்கள். அதையும் நிதி என்றுதான் சொல்வேன்.

"அதான் மாநில அரசு உதவித்தொகை தருதே" என்பார்கள். தருகிறது, மாதம் 3,000 ரூபாய். 2007இலிருந்து நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியமும் இருக்கிறது. நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் அந்த உதவித்தொகை யாருக்கு? 'நலிந்த' கலைஞர்களுக்கு.

என் பெரியப்பா நாற்பது வருஷம் திரௌபதி வேஷம் கட்டினார். கூத்து இல்லாத மாதங்களில் தாரமங்கலத்தில் விசைத்தறி ஓட்டுவார். தறிச் சத்தத்தில் காது போய்விட்டது. கடைசி வருஷங்களில் மிருதங்கம் சரியாகக் கேட்காமல், வாசிப்பவரின் கையைப் பார்த்துக்கொண்டே ஆடினார். முகம் எப்போதும் ஒரு பக்கமாகத் திரும்பியே இருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் அதையும் திரௌபதியின் கோபம் என்று நினைத்துக்கொள்வார்கள். உதவித்தொகைக்கு மனு கொடுக்கப் போன இடத்தில், நலிந்த நிலையில் இருக்கிறார் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து வேஷப் பெட்டியைத் திறந்து, வேஷ நகைகளில் உதிர்ந்திருந்த கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருந்தார். அந்த மனுவை அப்புறம் கொடுக்கவே இல்லை.

ஆடுகிற காலத்தில், அந்தத் தறி மாதங்களுக்கு ஒரு சம்பளம் கொடுத்திருந்தால் அவர் காது இருந்திருக்கும். ஏன் நலிகிறவரைக்கும் காத்திருக்கிறீர்கள்? கால் ஆடும்போது கொடுங்கள். செட்டு முழுசாக இருக்கும்போது கொடுங்கள். பொன்னாடை வேண்டாம், எங்கள் வீட்டில் அது ஒரு பீரோ நிறைய இருக்கிறது.

இந்த வாரம் மனு எழுதிக் கொடுக்கப்போகிறோம். சேலம், ஓமலூர், எடப்பாடி, மேட்டூர்ப் பக்கத்து நண்பர்கள் உங்கள் ஊர்ச் செட்டில் எத்தனை பேர், யார் யார் என்று எழுதி அனுப்புங்கள். 'வாத்தியக்காரர்' என்று பொதுவாகப் போடாதீர்கள். முகவீணை என்று எழுதி, பக்கத்தில் அவர் பெயரை எழுதுங்கள்.