மூன்றாவது முறை: நீதிமன்றம் சொன்னது அதுவல்ல

“நியூயார்க் முன்னாள் மேயர் ப்ளூம்பெர்க் மூணாவது தடவை நின்றது சரிதான்னு கோர்ட்டே சொல்லிடுச்சே” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் உண்மை, அதுவும் வழுக்கலான பாதி.

மேயரோ கவுன்சிலரோ தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் கூடாது என்று 1993-ல் மக்களே வாக்களித்து முடிவு செய்தார்கள். 1996-ல் அதைத் தளர்த்தக் கேட்டபோதும் மறுத்தார்கள். ஆனால் 2008 அக்டோபரில் மாநகர சபை, மக்களிடம் போகாமலே 29-22 என்று வாக்களித்து வரம்பை மூன்றாக்கியது. வாக்களித்தவர்களில் பலருக்கும் அதே வரம்பு தலைக்கு மேல் தொங்கியது என்பதையும் கவனிக்கணும்! எதிர்த்து வழக்குப் போட்டவர்களில், பின்னாளில் மேயரான டி பிளாசியோவும் ஒருவர்.

2009 ஜனவரியில் ஃபெடரல் நீதிமன்றமும் ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வழக்கைத் தள்ளுபடி செய்தன. அவை முக்கியமாகப் பார்த்தது இதைத்தான்: மக்கள் வாக்கெடுப்பில் வந்த சட்டத்தைச் சபை மாற்றலாமா? மாற்றலாம், மக்கள் போட்ட சட்டத்துக்கும் சபை போட்ட சட்டத்துக்கும் ஒரே அந்தஸ்து என்றன. சபைக்கு அதிகாரம் உண்டு என்பது வேறு, செய்தது நியாயம் என்பது வேறு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பாதீங்க.

கதை அதோடு முடியவும் இல்லை. 10 கோடி டாலருக்கு மேல் செலவழித்தும் ப்ளூம்பெர்க் மூன்றாவது முறை ஜெயித்தது ஐந்து சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில்தான். 2010 வாக்கெடுப்பில் மக்கள் மறுபடி இரண்டு முறை வரம்பையே கொண்டுவந்துவிட்டார்கள்.