தைலம் தடவினால் காய்ச்சல் இறங்குமா?

"நெஞ்சிலும் உள்ளங்காலிலும் மென்தால் தைலம் தடவுங்கள், உடல் சூட்டை அது உறிஞ்சிவிடும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

தடவிய இடம் ஜில்லென்று இருப்பது என்னவோ உண்மைதான். ஆனால் அங்கே சூடு எதுவும் வெளியேறவில்லை. தோலில் உள்ள நரம்பு முனைகளில் டிஆர்பிஎம்8 என்ற அயனி சேனல், அதாவது மின்னூட்டம் கொண்ட அணுக்களை (அயனிகளை) உள்ளே விடும் ஒரு நுண் வாயில், இருக்கிறது. தோல் சுமார் 26 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்தால் அது திறக்கும். சோடியம், கால்சியம் அயனிகள் உள்ளே பாயும். மூளைக்குக் 'குளிர்' என்ற தகவல் போகும். மென்தால் பட்டால் இதே சேனல் சாதாரணத் தோல் சூட்டிலேயே திறந்துகொள்ளும். அதாவது, குளிரே இல்லாமல் குளிர்ச் செய்தி! இந்தச் சேனலை 2002-இல் தனித்தனியே கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவருக்கும், வெப்பம், தொடுதல் உணர்விகள் பற்றிய ஆய்வுகளுக்காக 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்னொரு வேடிக்கை: குளிர் என்று நம்பும் உடல், தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கப் பார்க்கும்.

அரிப்புக்கு மென்தால் ஓரளவு உதவும், சரி. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரும் மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமாலும் போதும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கற்பூரம், மென்தால் கலந்த தைலம் தடவவே கூடாது.