நிபுணர் அறிக்கையைப் பூட்டி வைக்கும் உரிமை யாருக்கும் இல்லை

சூழலியல் அறிஞர் மாதவ் காட்கில் தலைமையிலான குழு மேற்குத் தொடர்ச்சி மலையைக் காப்பது பற்றிய அறிக்கையை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம் கொடுத்தது 2011 ஆகஸ்ட் கடைசியில். மக்கள் கைக்கு அது வந்தது 2012 மே மாதம். இடையில் நடந்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. கேரளத்துக்காரர் ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அறிக்கையைக் கேட்டார், மறுத்தார்கள். மத்திய தகவல் ஆணையம் கொடுக்கச் சொன்னது. அமைச்சகம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கேயும் தோற்ற பிறகுதான் இணையதளத்தில் ஏற்றினார்கள். கொள்கை வகுக்கும்போதே அது தொடர்பான தகவல்களை அரசு தானாக வெளியிட வேண்டும் என்று 2005-லேயே அதே சட்டம் சொல்லிவிட்டது.

அந்த எட்டு மாதத்துக்கு மேலான இடைவெளியில் மலையோரத்தில் வதந்தி வேரூன்றிவிட்டது. வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள், விவசாயம் செய்ய விடமாட்டார்கள் என்று இடுக்கியிலும் வயநாட்டிலும் சாதாரண விவசாயி பயந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணில் காட்டாத அறிக்கையை அவர் எப்படி நம்புவார்?

உள்ளே இருந்தது வேறு. 30 சதவீதத்துக்கு மேல் சரிவான நிலத்தில் ஆண்டுப் பயிரைக் குறைத்துப் பல்லாண்டுப் பயிருக்கு மாறச் சொன்னது. மிக அதிகப் பாதுகாப்பு தேவை என்று குறித்த முதல் மண்டலத்தில் புதிய சுரங்கம் கூடாது என்றது. எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது இது: தாங்கள் போட்ட எல்லைக்கோடு தற்காலிகமானது, கிராம சபைகளோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும் என்று அந்தக் குழுவே எழுதியிருந்தது. அந்தப் பேச்சு நடக்கவே இல்லை. பதிலுக்கு விண்வெளி விஞ்ஞானி கஸ்தூரிரங்கன் தலைமையில் இன்னொரு குழு வந்தது. 2013-ல் மலையில் சுமார் 37 சதவீதத்தை மட்டும் பாதுகாத்தால் போதும் என்றது. சரி, நிபுணர்களுக்குள் கருத்து வேறுபாடு வரலாம். ஆனால் முதல் குழு சொன்னதில் எதை, ஏன் தள்ளினோம் என்று அரசு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லியிருக்க வேண்டாமா?

2024 ஜூலை 30 அதிகாலை நிலச்சரிவில் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. 48 மணி நேரத்தில் 572 மி.மீ. மழை. சரிவு தொடங்கியது மேலே காட்டுப் பகுதியில்தான். அதனால் காட்கில் அறிக்கையை ஏற்றிருந்தால் மலை சரிந்திருக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மலையடிவாரத்தில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்பது அரசு விதி முடிவு செய்கிற விஷயம். மறுநாள், ஜூலை 31 தேதியிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையில் சூழல் உணர்திறன் பகுதி, அதாவது சுரங்கம் போன்ற வேலைகளுக்குத் தடை வரும் பகுதி, எது என்று குறிக்கும் ஆறாவது வரைவு அறிவிக்கை வெளிவந்தது. முதல் வரைவு 2014 மார்ச்சில் வந்தது. பத்து வருஷமாக வரைவு, மறு வரைவு.

விஞ்ஞானி சொல்வதையெல்லாம் அரசு அப்படியே சட்டமாக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. முடிவெடுக்கிற பொறுப்பு, மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களுடையது. அறிக்கை கைக்கு வந்த முப்பது நாளில் அதை வெளியிட வேண்டும், தள்ளுகிற பரிந்துரைக்கு எழுத்தில் காரணம் தர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தட்டும்.

அந்த ஆறாவது வரைவில் தமிழ்நாட்டுப் பங்கு மட்டும் சுமார் 6,900 சதுர கி.மீ. ஆட்சேபம் சொல்ல 60 நாள் கொடுத்தார்கள். அரசிதழில் வந்ததோ இந்தியிலும் ஆங்கிலத்திலும். அடுத்த முறையாவது கிராமப் பட்டியலும் தடைகளும் தமிழில் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். குழுவில் இருந்த ஒருவராவது கிராம சபைக்கு நேரில் வந்து, கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும்.