மரின் கவுண்டி மக்கள் பார்ட் ரயிலை வாக்களித்து நிராகரித்தார்களா?

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள மரின் கவுண்டியின் (மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) மக்கள், வெளியாட்கள் வந்துவிடுவார்கள் என்று அஞ்சி, சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தின் விரைவு ரயிலான பார்ட் திட்டத்தை வாக்கெடுப்பில் தோற்கடித்தனர் என்று பரவும் தகவல் தவறானது. அங்கே அப்படியொரு வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. 1961 டிசம்பரில் சான் மட்டேயோ கவுண்டி விலகியதால் திட்டத்துக்கான வரி ஆதாரம் சுருங்கியது. சான் பிரான்சிஸ்கோவை மரினுடன் இணைக்கும் கோல்டன் கேட் பாலம் ரயிலின் பாரத்தைத் தாங்குமா என்பதில் பொறியாளர்கள் முரண்பட, பாலத்தின் நிர்வாகமும் இடம்தர மறுத்தது. இந்நிலையில், பார்ட் நிர்வாகமே கேட்டுக்கொண்டபடி, 1962 மே மாதம் மரினை நிர்வகிக்கும் மேற்பார்வையாளர் குழு திட்டத்திலிருந்து விலகியது. அவ்வாண்டு நவம்பரில் திட்டத்துக்குப் பணம் திரட்டும் கடன்பத்திரங்களுக்கான வாக்கெடுப்பு சான் பிரான்சிஸ்கோ, அலமீடா, கான்ட்ரா கோஸ்டா ஆகிய மூன்று கவுண்டிகளில் மட்டுமே நடந்தது. வாக்குச்சீட்டே தரப்படாதவர்கள் எதைத் தோற்கடித்திருக்க முடியும்? ரயிலுக்கு இடம்தராத அதே பால நிர்வாகம்தான், 1970இல் மரினிலுள்ள சாசலிட்டோ ஊருக்கான படகுச் சேவையையும் 1972இல் பேருந்துச் சேவையையும் தொடங்கியது.