குமிழி இல்லாத போத்தல்

குளிர்ந்த கரையோரக் கடல்நீரில் மீத்தேனை உண்ணும் நுண்ணுயிர்கள் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை ஹட்டனில் என் உயர்தர வகுப்பில் வாசித்துக் காட்டினேன். ஒரு மாணவி கேட்டாள்: "சேர், கிருமிதான் தின்றது, வாயு தானாகப் போய்விடவில்லை என்று எப்படித் தெரியும்?" கட்டுரை தொடாமல் விட்ட இடம் அதுதான்.

நீரைக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் போத்தலில் நிரப்பி மூடுவார்கள். டிரிட்டியம் என்ற கதிரியக்க ஐதரசன் கலந்த மீத்தேனைத் துளியளவு செலுத்துவார்கள். நுண்ணுயிர் அதை ஒட்சியேற்றினால் டிரிட்டியம் நீரில் சேர்ந்துவிடும். மிச்ச மீத்தேனை வெளியேற்றிவிட்டு நீரின் கதிரியக்கத்தை எண்ணுவார்கள். கூடவே நஞ்சிட்டு உயிர்களைக் கொன்ற போத்தல் ஒன்றும் இருக்கும். அதில் தெரியும் அளவைக் கழிக்க வேண்டும். மாணவியின் கேள்விக்கு விடை அந்தச் செத்த போத்தலில் இருக்கிறது.

போத்தல்களைக் கடலின் குளிரிலேயே வைக்க வேண்டும். ஆய்வுகூடச் சூட்டில் வேகம் மாறிவிடும். 20 ஆண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 80 மடங்கு சூடாக்கும் வாயு இது, கவனக்குறைவுக்கு இடமில்லை.

ஹட்டனுக்கு அருகே காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நீர் இறங்கும் மாதங்களில் கரைச் சேற்றை மிதித்தால் மீத்தேன் குமிழி கிளம்பும். மீத்தேனை ஒட்சியேற்ற நுண்ணுயிர்களுக்கு உதவும் சல்பேற்று நன்னீர்ச் சேற்றில் குறைவு. கடலடிச் சேற்றில் தீர்வதுபோல இங்கே மீத்தேன் சேற்றிலேயே பெருமளவு தீர்ந்துவிடாது. எங்கள் நீர்த்தேக்கங்களையும் இப்படி அளப்பது பற்றி அடுத்த கட்டுரையில் எழுதுங்கள், பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.